குற்றாலம் என்னும் ஆட்பெயர்: குடும்பப் பெயரில்லா மரபில் பெயர்த் தொடர்ச்சி

இங்கிலாந்தில் குடும்பப் பெயர்கள் 1066ஆம் ஆண்டின் நார்மானியப் படையெடுப்புக்குப் பின் நிலவுடைமையாளரிடையே பரவி, 14ஆம் நூற்றாண்டுக்குள் பெரும்பாலோரிடம் நிலைபெற்றன. அவற்றுள் சிற்றூரின் பெயரால் அமைந்த அரிய பெயர், அதைத் தாங்கியவரின் பூர்விகத்தைக் காட்டும் சான்றாகக் கொள்ளப்படுகிறது. நிலைத்த குடும்பப் பெயர் வழங்காத தமிழ்ச் சூழலில் அத்தகைய சான்று உண்டா?

தென்காசி வட்டாரத்தில் உண்டு. குற்றாலம், குற்றாலிங்கம், குழல்வாய்மொழி, உலகம்மாள் ஆகியவை இப்பகுதித் தலங்களின் பெயரும் இறைப்பெயருமாகும், மக்கட்பெயராகவும் வழங்குகின்றன. குற்றாலக் குறவஞ்சியை இயற்றிய மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் பெயரில் ஊரும் மலையும் ஒருங்கே நிற்கின்றன. மேலகரம் அவர் வாழ்ந்த ஊர். திரிகூடம் குற்றாலத்து முச்சிகர மலை. இவ்விரண்டும் அவரை இம்மண்ணுக்கு உரியவராக அடையாளம் காட்டுகின்றன.

இப்பெயர்கள் தலைமுறைகளைக் கடந்த வழி வேறு. பாட்டனின் பெயரைப் பெறுபவன் பெயரன். அச்சொல்லே பேரன் எனத் திரிந்தது. எனவே குற்றாலத்தின் மகன் ஆறுமுகம் எனில், ஆறுமுகத்தின் மகன் மீண்டும் குற்றாலம் ஆவான். இடைத் தலைமுறையில் அப்பெயர் 'கு.' என்னும் முன்னெழுத்தாய் நிற்கும். முற்காலப் பாண்டியர் மாறவர்மன், சடையவர்மன் என்னும் பட்டங்களை மாறிமாறிப் புனைந்ததும் இதனோடு ஒப்பிடத்தக்கது. தென்காசியில் 1446இல் காசி விசுவநாதர் கோயிலைத் தொடங்கிய பராக்கிரம பாண்டியனும் சடையவர்மன் என்னும் பட்டம் உடையவனே.

பெண்பெயரின் நிலை நலிந்தது. குழல்வாய்மொழி என்னும் பெயர் பெயர்த்திக்கு வழங்கினாலும், தந்தைவழி முன்னெழுத்தாக ஏட்டில் ஏறுவதில்லை. திருமணத்திற்குப் பின் அவள் முன்னெழுத்தும் கணவன் பெயருக்கு மாறுவதுண்டு. ஆகவே ஆவணங்களில் தாய்வழித் தொடர்பு விரைவில் மறைகிறது.

பாட்டன் பெயரிடும் வழக்கம் அருகும்போது ஆண்வழிச் சான்றும் அறுபடும். 'கு.' என்ற ஓரெழுத்திலிருந்து குற்றாலத்தை மீட்க இயலாது. குமாரசாமியும் குப்புசாமியும் அவ்வெழுத்துக்கு உரியோரே. எனவே வட்டார வரலாறு எழுதுவோர், முன்னெழுத்தின் முழுவடிவையும் தாய், பாட்டி பெயர்களையும் பதிவுசெய்வது இன்றியமையாதது. இங்கிலாந்தில் ஒரு குடும்பப் பெயர் தரும் செய்தியைத் தென்காசியில் மூன்று தலைமுறைப் பெயர்களைச் சேர்த்து வைத்தே பெற முடியும்.