கருவாட்டு நாற்றமும் உப்பு வரியும்

ஐம்பதுகளில் அறந்தாங்கிச் சந்தைக்கு அப்பத்தாவோடு போவேன். கருவாட்டுக்காரர் என்ன சொன்னாலும் அப்பத்தா காதில் வாங்காது. கருவாட்டின் வயிற்றுப் பக்கத்தைப் பிட்டு முகர்ந்து பார்க்கும். "உப்புக் கம்மிடா" என்று திருப்பிப் போட்டுவிடும். கருவாட்டு வாசம் வேறு, கெட்ட நாற்றம் வேறு என்பது நம் பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கல்லூரியில் வேதியியல் படித்தபோதுதான் அந்த நாற்றத்துக்குப் பெயர் தெரிந்தது. மீனின் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் உண்டு. பாக்டீரியா அதிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்துவிட்டால் மிஞ்சுவது கடாவரின். ஆர்னிதினிலிருந்து இதேபோல் வருவது புட்ரெசின். 1885 வாக்கில் பெர்லினில் லுட்விக் பிரீகர் என்ற மருத்துவர் அழுகும் சதையில் இவற்றைக் கண்டுபிடித்தார். ஒன்றுக்குப் பிணத்தை வைத்தும் மற்றதற்கு அழுகலை வைத்தும் பெயர். போதிய உப்பு ஏறினால் மீனில் உள்ள நீர் வெளியேறிவிடும், பாக்டீரியா பெருகாது.

அந்த உப்புக்குத்தான் வெள்ளைக்காரன் வரி போட்டான். 1888-இல் மணங்குக்கு இரண்டரை ரூபாய்! மீனை விட உப்பு விலை கூடினால் செம்படவர் என்ன செய்வார்? உப்பைக் குறைப்பார், அல்லது உவர்மண்ணைத் தடவுவார். உவர்மண்ணை எடுத்தாலும் குற்றம். 1870களிலேயே பிரான்சிஸ் டே என்ற ராணுவ மருத்துவர், கடல் மீன்வளம் பற்றிய தம் அறிக்கையில் இந்த வரியின் கேட்டை எழுதினார். பிறகு கடற்கரைகளில் அரசே மீன் உப்பிடும் முற்றங்களைத் திறந்தது. அங்கே வரியில்லாத உப்பு கிடைக்கும். ஆனால் மீனை அங்கே கொண்டுபோய், உப்பு இலாகாக்காரர் கண்முன்னே உப்பிட வேண்டும். ஒரு பிடி உப்பு வெளியே போகக் கூடாது.

கோட்டைப்பட்டினம், மணமேல்குடி எல்லாம் அப்போது தஞ்சாவூர் ஜில்லா. 1974-இல்தான் நம் மாவட்டத்தில் சேர்ந்தன. புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குக் கடற்கரையே கிடையாது. ஆனாலும் அது தப்பவில்லை. 1887 ஒப்பந்தப்படி உள்ளூரில் மண்ணுப்புக் காய்ச்சுவதை நிறுத்தினார்கள். அதற்கு நஷ்டஈடு ஆண்டுதோறும் தர்பாருக்குப் போனது. காய்ச்சிப் பிழைத்தவன் கையில் எவ்வளவு சேர்ந்ததோ!

1947-இல் உப்பு வரி ஒழிந்தது. அதற்குப் பிறகும் அப்பத்தா பிட்டு முகர்ந்து பார்ப்பதை விடவில்லை.