தமிழ்நாட்டுத் தொழிலாளர் நலவாரியங்கள்

நிலையான முதலாளி இல்லாத உழைப்பாளிகளுக்குச் சமூகப் பாதுகாப்பு வழங்கத் தமிழ்நாடு அரசு சட்டப்படி ஏற்படுத்திய அமைப்புகள் இவை. கட்டுமானம், ஆட்டோ, தையல், சலவை, முடிதிருத்துதல், வீட்டு வேலை, பனைத் தொழில் எனத் தொழில்வாரியாக அமைந்துள்ளன. செயலி வழியே உணவும் பொருளும் கொண்டு சேர்ப்பவர்களுக்கும் வண்டி ஓட்டுபவர்களுக்கும் 2023 டிசம்பரில் ஒரு வாரியம் அமைந்தது. 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர்கள் சட்டமே இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படை.

பின்னணி

இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் எனப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரலில் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கப்பட்டது. பி. பி. வாடியாவும் திரு.வி.க.வும் அதை முன்னின்று நடத்தினர். அங்கிருந்த பக்கிங்காம் ஆலையின் நிர்வாகம் வாடியா மீது தொடுத்த வழக்கு நாடெங்கும் எதிரொலித்து, 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வர ஒரு காரணமாயிற்று. அடுத்து வந்த இ.எஸ்.ஐ. (1948), வருங்கால வைப்பு நிதி (1952) சட்டங்கள் எல்லாமே ஆலை வாசலுக்கு உள்ளே இருந்தவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. சம்பளப் பதிவேடு, வருகைப் பதிவேடு, இத்தனை பேருக்கு மேல் வேலை செய்யும் இடம் என்ற வரம்பு ஆகியவை இல்லாவிட்டால் அந்தச் சட்டங்களுக்குப் பிடிமானம் கிடையாது. இன்று ஒரு மேஸ்திரியிடமும் நாளை இன்னொருவரிடமும் வேலை பார்க்கும் சித்தாளை அவை கண்டுகொள்ளவில்லை.

இதற்கு ஒரு விதிவிலக்கு துறைமுகம். கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் பட்டினி என்றிருந்த நிலையை 1948ஆம் ஆண்டின் கப்பல்துறைத் தொழிலாளர் சட்டம் மாற்றியது. அதன்படி சென்னையிலும் ஒரு வாரியம் அமைந்தது. தொழிலாளர்கள் வாரியத்தில் பதிந்துகொண்டார்கள். வாரியம் முறை வைத்து வேலைக்கு அனுப்பியது. வந்து காத்திருந்து வேலை கிடைக்காத நாளுக்கும் ஒரு தொகை உண்டு. ஒரே முதலாளி இல்லாவிட்டாலும் வேலையையும் கூலியையும் ஒழுங்குபடுத்த முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இந்தியத் தொழிலாளர் வரலாற்றில் அரிது. மகாராஷ்டிரம் இதே வழியில் 1969இல் மூட்டை சுமப்போருக்கான மாத்தாடி சட்டத்தை இயற்றியது. அங்கே வணிகர் கூலியை வாரியத்தில் கட்டுவார். அதன்மேல் ஒரு தீர்வையும் சேர்த்துக் கட்டுவார். வாரியம்தான் தொழிலாளிக்குக் கூலி கொடுக்கும். அந்தத் தீர்வையிலிருந்தே வைப்பு நிதி, பணிக்கொடை, விடுப்பு ஊதியம் எல்லாம்.

1982 சட்டமும் கட்டுமான வாரியமும்

மாத்தாடி சட்டத்தின் சாயலில்தான் எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982 சட்டம் நிறைவேறியது. வேலையை முறைப்படுத்துதல், பணி நிலைமைகள் ஆகிய இரண்டும் அதன் பெயரிலேயே இருந்தன. ஆனால் சட்டம் ஏட்டில் ஏறியதோடு சரி. பன்னிரண்டு ஆண்டுகள் அதன் கீழ் வாரியம் எதுவும் வரவில்லை.

அந்த நிலையை அசைத்தவர்கள் கட்டடத் தொழிலாளர்கள். 1979இல் தோன்றிய தமிழ் மாநிலக் கட்டடத் தொழிலாளர் சங்கம் கொத்தனார்களோடு, செங்கல்லும் கலவையும் சுமக்கும் பெண் சித்தாட்களையும் திரட்டியது. 1985இல் நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் அகில இந்தியப் பிரச்சாரக் குழு அமைந்தது. கட்டுமானத் தொழிலாளர்களுக்கென மத்தியச் சட்டம் வேண்டும் என்பது அதன் கோரிக்கை. மத்தியச் சட்டம் 1996இல் வந்தது. அதற்கு முன்பே, 1994 நவம்பர் 30 அன்று, தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தை ஏற்படுத்தியிருந்தது. பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குக் கிடைத்த விடை எளிமையானது: கட்டட வரைபட அனுமதிக்கு வரும்போதே கட்டுமானச் செலவில் ஒரு பங்கை வசூலித்துவிடுவது. தொழிலாளியின் முதலாளி யார் என்று தேடவே வேண்டியதில்லை. இந்தப் பங்கு பிறகு மத்தியச் சட்டப்படி 1 சதவீதமானது.

இந்த ஏற்பாட்டின் வலிமையும் பலவீனமும் இங்கேதான் இருக்கின்றன. நிதி தட்டுப்பாடின்றிச் சேர்ந்தது. ஆனால் வாரியத்திடம் சங்கங்கள் முதலில் கேட்டது மாத்தாடி போல வேலையை ஒழுங்குபடுத்தும் அதிகாரம். கிடைத்தது உதவித்தொகை வழங்கும் அலுவலகம். பிள்ளைகளின் கல்வி உதவி, திருமண உதவி, மகப்பேறு உதவி, விபத்து மரணத்துக்கு நிதி, 60 வயதானால் ஓய்வூதியம் என்று பட்டியல் நீண்டது. கூலி உயர்வு, வேலை நேரம், சாரத்திலிருந்து விழாமல் காப்பது ஆகியவை பின்னுக்குப் போயின. நாடு முழுவதும் இந்தத் தீர்வை நிதி செலவாகாமல் தேங்கியதை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் தீர்ப்பில் கடுமையாகக் கண்டித்தது.

வாரியத்தில் பதிந்து உறுப்பினர் அட்டை பெறுவதும் சுலபமாக இருந்ததில்லை. தான் கொத்தனார் என்பதற்குக் கிராம நிர்வாக அலுவலரிடமோ சங்கத்திடமோ சான்று வாங்க வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கத் தவறினால் ஓய்வூதிய நேரத்தில் சிக்கல். கூலியை இழந்து அலுவலகத்துக்கு அலைய முடியாதவர்களுக்குச் சங்கக்காரர்களே துணை. வாரியங்கள் சங்கங்களை வளர்த்த கதையும், சில இடங்களில் சங்கங்களை விண்ணப்பம் நிரப்பும் கூடங்களாக மாற்றிய கதையும் இதில் சேர்ந்தே இருக்கின்றன.

1999இல் உடலுழைப்புத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு வாரியம் அமைந்தது. தொழில்வாரியான வாரியங்களும் அடுத்தடுத்து வந்தன. வீட்டுப் பணியாளர்களுக்கு 2007இல். இவற்றில் பெரும்பாலானவை அரசு மானியத்தையே நம்பியவை. தையல்காரரிடமோ வீட்டு வேலைக்காரரிடமோ வரைபட அனுமதி போல வசூலுக்கு ஒரு மடை இல்லை.

செயலித் தொழிலாளர்

செயலி நிறுவனங்கள் வந்தபோது, முதலாளி யார் என்ற பழைய கேள்வி புது வேடத்தில் திரும்பியது. செயலி வழியே வேலை செய்பவர்களை நிறுவனங்கள் தொழிலாளர் என்று ஏற்பதில்லை, ‘பார்ட்னர்’ என்கின்றன. பைக், பெட்ரோல், இன்சூரன்ஸ், போன் எல்லாம் ஓட்டுபவர் செலவு. ஆனால் எந்த ஆர்டர், எவ்வளவு தொகை, யாருக்கு இன்சென்டிவ் என்பதை நிறுவனமே முடிவுசெய்கிறது. வாடிக்கையாளர் ஒருவர் புகார் சொன்னால் ‘ஐடி பிளாக்’ ஆகிவிடும். மறுநாள் வருமானம் இல்லை, கேட்க ஆளும் இல்லை. சென்னையில் 2020இலும் 2022இலும் உணவு விநியோகத் தொழிலாளர்கள் ஊதிய முறை மாற்றத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள்.

நிதி ஆயோக்கின் 2022 அறிக்கை, 2020-21இல் நாட்டில் 77 லட்சம் கிக் தொழிலாளர்கள் (நிலையான வேலை உறவு இல்லாமல் அவ்வப்போது கிடைக்கும் பணியைச் செய்பவர்கள்) இருந்ததாகவும் 2029-30இல் அது 2.35 கோடியாகும் என்றும் மதிப்பிட்டது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இவர்களை முதன்முறையாகச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் செலுத்த வேண்டும். தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்தை அது தாண்டக்கூடாது. அச்சட்டம் நடைமுறைக்கு வந்ததோ 2025 நவம்பர் 21 அன்று. இடையில் ராஜஸ்தான் 2023 ஜூலையில் நாட்டின் முதல் தனிச்சட்டத்தை நிறைவேற்றியது. கர்நாடகம் 2025இல் ஒருபடி மேலே போய், காரணத்தை எழுத்தில் தந்து 14 நாள் முன்னறிவிப்பு கொடுக்காமல் ஒருவரை நீக்கக்கூடாது என்றது.

தமிழ்நாடு தனிச்சட்டம் இயற்றாமல், கையிலிருந்த 1982 சட்டத்தையே எடுத்துக்கொண்டது. முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் 2023 சுதந்திர தின உரையில் அறிவித்த வாரியம் அவ்வாண்டு டிசம்பரிலேயே அமைந்துவிட்டது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் 2,000 பேருக்கு மின் ஸ்கூட்டர் வாங்கத் தலா ரூ.20,000 மானியம் அறிவிக்கப்பட்டது. சென்னை மாநகராட்சி 2025இல் அண்ணா நகரில் குளிர்சாதன ஓய்வறை திறந்தது. வெயிலில் நடைபாதை ஓரம் ஆர்டருக்குக் காத்துக் கிடப்பவருக்கு இது சின்ன உதவி அல்ல. என்றாலும் ஐடி பிளாக் ஆனால் முறையிட ஓர் இடத்தையோ, நிறுவனம் கணக்குக் காட்ட வேண்டிய தீர்வையையோ இந்த ஏற்பாடு தரவில்லை. நாற்பது ஆண்டு பழைய சட்டத்தில் நலஉதவிப் பாதி மட்டும் மீண்டும் ஒருமுறை செயலுக்கு வந்திருக்கிறது. வேலையை முறைப்படுத்தும் பாதியைச் செயலித் தொழிலாளர் விஷயத்திலாவது தமிழ்நாடு கையில் எடுத்தாக வேண்டும்.