கெட்டுப் போனால் யார் பதில் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் புதுச் சமையல் நாள். அதுவரை வீட்டில் செய்யாத ஒன்றைச் செய்ய வேண்டும். வீட்டில் இருக்கும் ஐந்து பேரும் ஆளுக்கொரு வேலை பார்க்க வேண்டும். எப்படி வந்தாலும் எல்லோரும் சாப்பிட வேண்டும். கொரோனா ஊரடங்கில் பொழுது போகாமல் ஆரம்பித்த பழக்கம் இது. செய்முறையையும் யார் என்ன வேலை செய்தார்கள் என்பதையும் மகள் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வைக்கிறாள்.

ஒரு ஞாயிறு மதியம் அவள் என் அம்மாவிடம் கேட்டாள். "அம்முச்சி, நீங்க கல்யாணமாகி வந்த புதுசுல என்னென்ன புதுசா செஞ்சு பாத்தீங்க?"

அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "செஞ்சு பாக்கறதா? கெட்டுப் போச்சுன்னா ஆரு பதில் சொல்றது கண்ணு?"

மகள் சிரித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டாள். எனக்குத்தான் அந்தக் கேள்வி மண்டைக்குள் நின்றுவிட்டது. சமையலின் வரலாறு என்றால் எந்தக் காய் எந்த நாட்டிலிருந்து வந்தது, எந்த ராஜா என்ன சாப்பிட்டார் என்றுதான் பெரும்பாலும் படிக்கிறோம். ஒரு சாதாரண வீட்டில் ஒரு பெண் புதிதாக ஒன்றைச் செய்து பார்க்க எப்போது முடிந்தது, எதனால் முடிந்தது என்பதற்கும் ஒரு வரலாறு இருக்க வேண்டும் அல்லவா? அதை எங்கள் ஊரிலிருந்தே தேடிப் பார்த்தேன்.

கொங்கு நாட்டின் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. கம்பு, சோளம், ராகி, கொள்ளு, பச்சைப்பயறு ஆகியவைதான் அன்றாடச் சாப்பாடு. ஆனைமலை கொஞ்சம் கொடுத்து வைத்த ஊர். 1960களில் பரம்பிக்குளம் - ஆழியாறு அணைகள் வருவதற்கு வெகு காலம் முன்பே ஆழியாற்றிலிருந்து பழைய வாய்க்கால்கள் வெட்டி இங்கே நெல் விளைவித்தார்கள். ஆனால் நெல் விளைகிற ஊரில் எல்லா வீட்டிலும் நெல்லுச் சோறு பொங்கியது என்று நினைத்துவிடக் கூடாது. நாற்று நட்ட பெண்கள் வீட்டுக்குப் போய்க் கம்பஞ்சோறும் ராகிக் களியும்தான் சாப்பிட்டார்கள். 1967 தேர்தலில் ரூபாய்க்குப் படி அரிசி என்ற வாக்குறுதிக்கு அத்தனை மதிப்பு இருந்தது என்றால், அரிசி எவ்வளவு எட்டாத பொருளாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தத் திட்டம் முதலில் வந்த நகரங்கள் சென்னையும் கோவையும்.

எங்கள் பக்கத்துப் பாட்டிமார் யாரைக் கேட்டாலும் ஒன்று சொல்வார்கள். இட்லி, தோசை என்றால் தீபாவளி. இல்லாவிட்டால் ஒறம்பரை வந்த நாள். காரணம் அரிசி மட்டும் இல்லை, ஆட்டுக்கல்லும்தான். ஊறிய அரிசியையும் உளுந்தையும் தனித்தனியாக ஆட்ட வேண்டும். ஒரு கை குழவியைச் சுற்றும், மறு கை ஒதுங்கும் மாவைக் குழிக்குள் தள்ளும். பெரிய குடும்பத்துக்கு மாவு ஆட்டி முடிப்பதற்குள் தோள்பட்டை விட்டுப் போகும். கம்பு என்றால் உரலும் உலக்கையும். சந்தகை என்றால் புழுங்கலரிசியை ஆட்டி, இட்லியாக வேக வைத்து, சூடு ஆறுவதற்குள் சந்தகைப் படியில் போட்டு அழுத்திப் பிழிய வேண்டும். தனி ஆளாக ஆகிற வேலை இல்லை அது.

ஆகவே ஒரு புதுப் பலகாரத்தின் விலையைப் பெண்களின் கைதான் கொடுத்தது. விடியும் முன்னே எழுந்து தண்ணீர் சுமந்து, சாணி அள்ளி, காட்டு வேலைக்கும் போய் வருகிறவள், கெட்டுப் போகக்கூடிய ஒன்றுக்காக இன்னொரு மணி நேரம் எதற்கு ஆட்டுவாள்? கெட்டுப் போனால் உழைப்போடு தானியமும் போகும். பேச்சும் வாங்க வேண்டும். மாமியாரிடம் பார்த்ததை அப்படியே செய்வதுதான் பாதுகாப்பு. 'கைப்பக்குவம்' என்று நாம் கொண்டாடுவதில் பாதி, தவறு செய்ய அனுமதி இல்லாதவர்களின் கவனம்.

இந்த இடத்தில்தான் ஒரு புத்தகம் வருகிறது. 1951-ல் சென்னையில் எஸ். மீனாட்சி அம்மாள் 'சமைத்துப் பார்' முதல் பாகத்தை வெளியிட்டார். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். அவருடைய சமையல் உறவுக்குள் பேர் பெற்றது. வெளியூர் போன உறவுக்காரர்கள் இதை எப்படிச் செய்வது, அதை எப்படிச் செய்வது என்று கேட்டபடி இருக்க, அவருடைய மாமா கே.வி. கிருஷ்ணசாமி ஐயர் புத்தகமாகவே எழுதிவிடச் சொன்னார். 1962-ல் மீனாட்சி அம்மாள் காலமானார். புத்தகம் இன்றும் விற்கிறது. கடல் கடந்து போன பெண்களின் பெட்டிகளிலும் இருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்தது அந்தத் தலைப்பு. நம் மொழியில் உயர்ந்த சமையலுக்கு 'நளபாகம்' என்று பெயர். இல்லாவிட்டால் பீமபாகம். தினமும் சமைத்தவர்கள் பெண்கள், பெயர் வாங்கியவர்கள் இரண்டு ராஜாக்கள்! ஒரு பெண் தன் பெயரைப் போட்டு எழுதிய புத்தகம், படிக்கிறவளைப் பார்த்து 'சமைத்துப் பார்' என்றது. 'பார்' என்ற சொல்லில் ஒரு அனுமதி இருக்கிறது. வந்தால் வரும், வராவிட்டால் இன்னொரு தடவை. மாமியாரோ அம்மாவோ பக்கத்தில் இல்லாதவளுக்கு அளவும் நேரமும் பக்குவமும் எழுத்தில் கிடைத்தன. வாய்வழியாக, அதுவும் மனது வைத்தால் மட்டும் கிடைத்த அறிவு, படிக்கத் தெரிந்த யாருக்கும் கிடைக்கிற ஒன்றாக மாறியது.

படிக்கத் தெரிந்த யாருக்கும் என்று சொல்லும்போதே அதன் எல்லையும் தெரிகிறது. பள்ளிக்கூடம் போகாத பெண்ணுக்கு அந்தப் புத்தகம் வெறும் காகிதம். மேலும் அது சென்னையில் ஒரு பிராமண வீட்டு அடுக்களையிலிருந்து வந்த சைவச் சமையல். தமிழ்ச் சமையல் என்றால் அதுதான் என்று வெளியே பலர் நம்புகிற அளவுக்கு அது பரவியது. எங்கள் அரிசிம்பருப்புச் சோறும், கொள்ளுக் கடைசலும், நாட்டுக்கோழிக் குழம்பும், அருந்ததியர் தெருவில் வெந்த கறியும் எழுத்தில் ஏற இன்னும் பல காலம் ஆனது. எழுதப்பட்டது 'முறை' ஆனது, எழுதப்படாதது 'பட்டிக்காட்டுச் சாப்பாடு' ஆனது. மீனாட்சி அம்மாள் செய்த தவறு இல்லை இது. பேனா எந்த வீடுகளுக்கு முதலில் போனது என்பதன் கணக்கு.

அந்தப் புத்தகம் எங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறது. அம்மாவின் திருமணம் 1969-ல். பொள்ளாச்சியில் டீச்சராக இருந்த பெரியம்மா முதல் பாகத்தைப் பரிசாகக் கொடுத்தார். அம்மா எட்டாவது வரை படித்தவர். வந்த ஆறாம் மாதம், அப்பத்தா ஒரு விசேஷத்துக்குப் போயிருந்த நாளில், மைசூர்பாகு செய்யத் துணிந்திருக்கிறார். பாகு பதம் தவறிவிட்டது. தட்டில் ஊற்றியது கல்லாகிவிட்டது. நெய்யும் சர்க்கரையும் அன்றைக்குச் சும்மா கிடைக்கிற பொருளா?

"கத்தியில வெட்டுனேன், ஆவல. அருவாமனையில வெட்டுனேன். அப்பறம் அம்மிக் குழவியெடுத்துத் தட்டுனேன். உங்கப்பத்தா வாசல்லயே நின்னு பாத்துட்டாங்க," என்றார் அம்மா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு ஒரு வருடம், வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அந்தக் கதை சொல்லப்பட்டது. புத்தகம் பரண் மேலே ஏறியது. ஐம்பது வருடத்துக்கு மேலாக அம்மா அதைத் தொடவில்லை.

எழுத்தால் மட்டும் அம்மாவுக்கு அந்த அனுமதியை வாங்கித் தர முடியவில்லை. அவருடைய கையை முதலில் விடுவித்தது ஒரு இயந்திரம். கோவையில் பஞ்சாலைகளை ஒட்டி மோட்டார் பட்டறைகளும் வார்ப்பாலைகளும் வளர்ந்திருந்தன. 1955-ல் பி. சபாபதி என்பவர் அங்கே வெட் கிரைண்டரை உருவாக்கினார் என்பது பதிவு. ஆட்டுக்கல்லில் கல் நிற்கும், குழவியோடு பெண் சுற்றுவாள். கிரைண்டரில் கல் சுற்றியது, குழவி நின்றது, பெண் கொஞ்சம் தள்ளி நின்று வேறு வேலை பார்த்தாள். ஊத்துக்குளிப் பக்கத்துக் கல் இதற்குப் பேர் போனது. 2005-06-ல் 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' புவிசார் குறியீடு பெற்றது. 2011 செப்டம்பர் 15 முதல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வழங்கத் தொடங்கியபோது, கூலி வேலைக்குப் போகும் பெண்களின் வீடுகளிலும் கல் தானாகச் சுற்றியது.

இதை இலவசம் என்று கேலி செய்தவர்கள் ஒரு நாள் ஒரு படி உளுந்தைக் கையால் ஆட்டிப் பார்த்திருக்க வேண்டும். ராகித் தோசை, கம்பு அடை, ஆப்பம் என்று தெருவில் புதுப் பலகாரங்கள் பெருகியது அதற்குப் பிறகுதான். கெட்டுப் போனாலும் தோள்வலி மிச்சம் இல்லை என்ற தைரியம்.

ஆனால் கதை இங்கே சுபமாக முடியவில்லை. அமெரிக்க வரலாற்றாளர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-ல் ஒரு புத்தகம் எழுதினார். வீட்டுக்கு இயந்திரங்கள் வந்த பிறகும் தாயின் வேலை ஏன் குறையவில்லை என்பதுதான் அதன் கேள்வி. இயந்திரம் வந்ததும் எதிர்பார்ப்பும் உயர்ந்தது, முன்பு ஆண்களும் பிள்ளைகளும் செய்த வேலைகளைத்தான் இயந்திரங்கள் முதலில் எடுத்துக்கொண்டன, மிச்சம் எல்லாம் பெண் ஒருத்தியிடம் சேர்ந்தது என்று அவர் காட்டினார். அதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டுச் சந்தகைப் படிதான் நினைவுக்கு வந்தது. அழுத்திப் பிழிய வலு வேண்டும் என்பதால் அந்த ஒரு வேலைக்கு மட்டும் அப்பா அடுக்களைக்கு வருவார். கடையில் சேவை பாக்கெட் வந்த பிறகு அப்பா அந்த வேலைக்கும் வரவில்லை. தீபாவளி இட்லி தினசரி இட்லி ஆனது. தினசரி இட்லிக்குத் தினசரி இரண்டு சட்னி. தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019-ல் சொன்னது இதுதான்: வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம்.

எங்கள் ஊர் மாசாணியம்மன் கோயிலில் இன்றும் கல்லில் கையால் அரைக்கிறார்கள். ஏமாற்றப்பட்டவர்கள், பொருளைப் பறிகொடுத்தவர்கள் மிளகாயை அரைத்து நீதிக்கல்லில் பூசி நியாயம் கேட்கிறார்கள். படுத்த கோலத்தில் இருக்கும் அம்மனின் கதையை ஊரில் நன்னனோடு சேர்த்துச் சொல்வார்கள். ஆற்றில் குளிக்கப் போன பெண் தண்ணீரில் மிதந்து வந்த மாங்காயைத் தின்றாள். அது நன்னனின் காவல் மரத்துக் காய். எண்பத்தொரு யானைகளும் அவள் எடைக்குப் பொன் பாவையும் தருகிறோம் என்றார்கள். அவன் கேட்கவில்லை, கொன்றான். குறுந்தொகையில் பரணர் இந்தப் பழியைப் பதிவு செய்திருக்கிறார். ஒரு பெண் தனக்குத் தோன்றியதை எடுத்துத் தின்றதற்காகக் கொல்லப்பட்ட கதையை இரண்டாயிரம் வருடமாக மறக்காத ஊர் இது. அதே ஊரில் ஒரு மருமகள் தனக்குத் தோன்றியதைச் செய்து பார்த்ததற்கு ஒரு வருடம் பேச்சு வாங்கினாள். இரண்டும் ஒரே அளவு என்று நான் சொல்லவில்லை. பெண் வாய்க்கும் கைக்கும் காவல் போடுகிற பழக்கம் எவ்வளவு பழையது என்று மட்டும் சொல்கிறேன்.

போன மாதம் பரணிலிருந்து புத்தகத்தை இறக்கினோம். அதில் அளவுகள் எல்லாம் பழைய முறையில் இருந்தன. நாட்டில் கிலோவும் லிட்டரும் சட்டமானது 1956-ல்தான், புத்தகம் அதற்கு முந்தியது. மகள் ஆழாக்கைக் கிராமாக்க உட்கார்ந்தாள். மகன் கடலை மாவு சலித்தான். என் கணவர் விடாமல் கிண்டினார், நடுவில் கை மாற்றித் தரச் சொல்லி இரண்டு முறை கேட்டார், யாரும் தரவில்லை. பாகு பதம் பார்க்க மட்டும் அம்மாவைக் கூப்பிட்டோம். விரலில் தொட்டுக் கம்பி இழுத்துப் பார்த்தார். "இப்பப் போடு" என்றார்.

இந்த முறை கத்தி இறங்கியது. ஓரம் மட்டும் கொஞ்சம் கெட்டி. அம்மா அந்த ஓரத்துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "நெய் ஒரு கரண்டி கூட வேணுமாட்ட இருக்குது. அடுத்த வாரம் இன்னொருக்கா பாக்கலாம்" என்றார்.

மகள் நோட்டில் எழுதினாள்: மைசூர்பாகு. ஓரம் கெட்டி. பதம் பார்த்தது: அம்முச்சி. இரண்டாவது முயற்சி.