மதுரை ஷெரீப் சாஹிப்

நம் சமுதாயம் பாராளுமன்றத்திற்கு அனுப்பிய பெருமக்களுள், ‘மதுரை ஷெரீப்’ என மக்கள் அழைத்த எஸ்.எம். முஹம்மது ஷெரீப் சாஹிபை நாம் மறத்தலாகாது. அவர் 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் இராமநாதபுரத்தில் சுயேச்சையாக நின்று வென்றார். 1971இல் முஸ்லிம் லீகின் சார்பில் பெரியகுளத்தில் வென்றார். அந்நாளில் மதுரை மாவட்டத்திலிருந்த பெரியகுளம், கடலோரம் இல்லாத தொகுதி.

1974 ஜூன் திங்களில் கையெழுத்தான இந்திய–இலங்கை ஒப்பந்தத்தால், 285 ஏக்கர் பரப்புள்ள கச்சத்தீவு இலங்கையின் எல்லைக்குள் சென்றது. ஜூலை 23ஆம் நாள் வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் அதனை மக்களவையில் அறிவித்தார். இராமநாதபுரத்தின் அப்போதைய உறுப்பினர் பி.கே. மூக்கையாத் தேவர் எதிர்த்துப் பேசினார். ஷெரீப் சாஹிபும் எழுந்து எதிர்த்தார்.

பெரியகுளத்து உழவர் எவரும் அத்தீவில் வலை உலர்த்தியவர் அல்லர். சாஹிப் வாளாவிருந்திருப்பினும் அவருடைய வாக்காளர் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஆயினும் முன்பு தம்மைத் தேர்ந்தெடுத்த கடற்கரை மக்களுக்காக அவர் குரல் கொடுத்தார். தொகுதி மாறியதால் அவர்களுக்குத் தாம் பட்ட கடன் தீர்ந்துவிட்டதென அவர் எண்ணவில்லை.

ஒப்பந்தம் மாறவில்லை என்பது உண்மையே. எனினும், மக்களின் வாக்கை அமானிதமாகப் பேணுவது எவ்வாறு என்று நம் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்க இவ்வரலாறு நமக்குப் போதும்.