எண்ணப்படாத காய்ச்சல்

நோயால் மக்கள் மடிவதை விதியின் விளைவென்று கூறி அமைதி கொள்ளும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. ஆனால் நோய் எவரை, எங்கே, எப்போது தாக்குகிறது என்று கணக்கெடுத்துப் பார்த்தால், அங்கே தெரிவது விதியின் எழுத்தன்று, சமுதாயத்தின் எழுத்தே. நம் நாட்டு மலேரியாவின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1934ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மகா ஓயா, தெதுறு ஓயா முதலிய ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. ஓடும் வெள்ளம் அடித்துச் செல்லும் நுளம்புப் புழுக்கள், தேங்கிய நீரில் பல்கிப் பெருகின. உலகப் பொருளாதார மந்தத்தால் ஏற்கெனவே பட்டினியில் நலிந்திருந்த கேகாலை, குருநாகல் கிராமங்களைக் காய்ச்சல் வாரிக்கொண்டது. சில மாதங்களுக்குள் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். 1935இல் பிறந்த குழந்தைகளில் ஆயிரத்துக்கு 263 என்ற அளவில் சிசு மரணம் நிகழ்ந்தது. டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா போன்ற சூரிய மல் இயக்கத்தினர் மருந்தும் உணவும் சுமந்து கிராமங்களுக்குச் சென்றனர். அவ்வாண்டு டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியது.

இவ்வளவும் ஏடுகளில் உள்ளது. ஆனால் அந்நாளில் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த நம் கல்முனைக் கரையின் நிலை என்ன? கிழக்கு மாகாணம் வறள் வலயத்தது. அவ்வலயத்தில் மலேரியா திடீரென வந்த விருந்தாளியன்று. ஆண்டுதோறும் மழையோடு வரும் வீட்டுக்காரன். வட்டைக்குள் வாடி அமைத்துக் காவலிருந்த உழவனுக்குக் குளிரும் நடுக்கமும் வேளாண்மையின் ஒரு பகுதி.

திடீரென எழுந்து வழக்கத்தை மீறிப் பரவுவதைக் கொள்ளைநோய் என்கிறோம். ஓரிடத்தில் வேரூன்றி நிலைத்திருப்பதை நிலைநோய் என்கிறோம். நிலைநோய் வாழும் இடத்தில், அடிக்கடி காய்ச்சல் கண்டு பிழைத்த பெரியவர்களுக்கு ஓரளவு எதிர்ப்பாற்றல் கிடைக்கிறது. அதனாலேயே 1934இல் வறள் வலயத்தில் மரணம் அத்துணைக் கொடுமையாக இருக்கவில்லை. ஆனால் அவ்வெதிர்ப்பாற்றலுக்கு விலை கொடுத்தவர்கள் குழந்தைகளல்லவா? பாடசாலைப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டு, நூற்றுக்கு எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று எண்ணியே மருத்துவர் ஓர் ஊரில் மலேரியா எவ்வளவு ஊன்றியுள்ளது என்று அளந்தனர். இத்தனை பேருக்கு நோய் என்பது மட்டும் போதாது; எத்தனை பேரில் இத்தனை பேருக்கு என்பதே அறிவியலின் கேள்வி. 5,000 பேர் வாழும் ஊரில் இருபது மரணங்களைக் காட்டிலும், 200 பேர் வாழும் சிற்றூரில் பத்து மரணங்கள் பெருங்கொடுமை.

1946இல் வீடுகளுக்குள் டி.டி.ரீ. தெளிக்கத் தொடங்கினர். ஆயிரத்துக்கு 20.3 ஆக இருந்த மரண வீதம், அடுத்த ஆண்டே 14.3 ஆகத் தாழ்ந்தது. பெருமை முழுவதும் மருந்துக்கே என்றனர் சிலர். ஆய்வாளர்களோ, மலேரியா குறைந்த பகுதிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். அங்கும் மரணம் குறைந்திருந்தது. எனவே உணவுக்கும் மருத்துவ வசதிக்கும் அதில் பங்குண்டு என்று வாதிட்டனர். ஒன்றையடுத்து மற்றொன்று நிகழ்ந்ததாலேயே முன்னதே காரணமாகிவிடாது என்பது இங்கு நாம் கற்கும் பாடம்.

1963இல் நாடு முழுவதும் பதிவான நோயாளர் வெறும் 17 பேர். வெற்றி வந்ததென்று கண்காணிப்புத் தளர்ந்தது. 1969இல் அத்தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது! பின்னர் பல்லாண்டு உழைப்பின் பயனாக, 2012 அக்டோபருக்குப் பின் உள்நாட்டில் தொற்றிய மலேரியா இல்லை என்ற நிலை எய்தினோம். 2016இல் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்றளித்தது.

இன்று நம் வளவுகளில் சிரட்டையிலும் பழைய டயரிலும் தேங்கும் நீரில் டெங்கு நுளம்பு வளர்கிறது. மாரிதோறும் காய்ச்சல் வருவது இயல்புதானே என்று மீண்டும் பழகிவருகிறோம். பழகிப்போன துயரத்துக்கு எவரும் பொறுப்பேற்பதில்லை. ஆகவே ஆசிரியத் தோழர்களே, வகுப்பு இடாப்பில் வரவில்லை என்று குறிக்கும்போது ஏன் வரவில்லை என்றும் கேட்போம். ஒரே தெருவின் பிள்ளைகள் மூவர் காய்ச்சலில் கிடந்தால், அதைச் சுகாதார அதிகாரியின் காதில் அன்றே போடுவோம். எண்ணப்படாத காய்ச்சலுக்கு அரசாங்கத்தில் மருந்து கேட்க முடியாது.