குப்பாயமும் தோள்சீலையும்

இனயம், குளச்சலுக்கு மேற்பால் அரபிக் கடலோரத்தே அமைந்த மீனவர் ஊர். அத்தகைய கடற்கரை ஊர்களின் முக்குவப் பெண்டிர் துணியை உடலிற் சுற்றிக் கட்டிய முறை, திருவிதாங்கூர் அரசாணை ஒன்றில் முன்மாதிரியாகக் குறிக்கப்பெற்றுள்ளது. 1859-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 26-ஆம் நாள் வெளியான அவ்வாணை, தோள்சீலைக் கலகத்தின் பயனாக எழுந்தது. அக்கலகத்தைச் சமய வரலாறாகவும் சாதி வரலாறாகவும் அறிஞர் பலர் ஆராய்ந்துள்ளனர். ஈண்டு யாம் அதனை உடையின் அமைப்பைக் கொண்டு நோக்குவாம்.

தையல் தமிழர்க்குப் புதிதன்று. துன்னம் என்னும் சொல் புறநானூற்றில் உண்டு. துன்னகாரர் புகார் நகரில் வாழ்ந்தமையைச் சிலம்பு கூறும். எனினும், தைத்த மேலுடை பெரும்பாலும் பிறநாட்டார்க்கு உரியதாகவே நூல்களில் வருகின்றது. முல்லைப்பாட்டில் மெய்ப்பை அணிந்தோர் யவனர். சிந்தாமணியில் குப்பாயம் அணிந்தவன் மிலேச்சன். திருவிதாங்கூரிலும் குப்பாயம் சிரியக் கிறித்தவர், மாப்பிள்ளைமார் ஆகியோரின் மகளிர்க்கு உரியதாயிருந்தது. தோளின்மேல் இடும் சீலையோ உயர்சாதி மகளிரின் அடையாளம். நாடார் முதலிய சாதிகளின் பெண்டிர்க்கு இடைக்கு மேல் ஆடை மறுக்கப்பட்டது.

இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால் 1814-ஆம் ஆண்டின் ஆணை விளங்கும். கிறித்தவராகிய நாடார் மகளிர் குப்பாயம் அணியலாம். தோள்சீலை அணிதல் கூடாது என்பது அதன் கருத்து. தைத்த உடை உயர்சாதியாரின் அடையாளமன்று; ஆதலின் அரசு அதனை எளிதில் இசைந்தது எனக் கருதலாம்.

இக்குப்பாயத்தைத் தைத்தவர் யாவர்? இலண்டன் மிசனைச் சார்ந்த மீட் 1818-இலும், மால்ட் 1819-இலும் நாகர்கோவிலுக்கு வந்தனர். அவர்தம் மனைவியர் சிறுமியர்க்குத் தையல் கற்பித்தனர். மார்த்தா மால்ட் பின்னல் வேலையையும் பயிற்றினார். குறுங்கையும் தளர்ந்த உடலும் உடைய மேற்சட்டை அவர்கள் அமைத்தது. தளர்ந்த வெட்டு நுண்ணிய உடலளவை வேண்டாது. வளரும் சிறுமியர்க்கும் அது பொருந்தும். அளவு மாறினும் வடிவம் மாறாத இவ்வமைப்பு ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குப் பரவுதற்கு ஏற்றது.

ஆயினும் அம்மகளிர் குப்பாயத்தோடு அமையவில்லை; அதன்மேல் தோள்சீலையையும் அணிந்தனர். அரசு வேறாக நிறுத்திய இரண்டு உடைவகைகளும் ஒரே உடலில் ஒன்றுபட்டன. பூசல் மூண்டதும் இதனாலேயே. சந்தைகளில் மகளிரின் சீலைகள் கிழிக்கப்பட்டன. பள்ளிகளும் கோயில்களும் எரிந்தன. 1829-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் ஆணை, சட்டைக்கு இசைவு தந்து சீலையை மீண்டும் விலக்கியது. 1858-இல் கலகம் மறுபடியும் எழுந்தது. சென்னை ஆளுநர் திரெவெலியன் அரசை வற்புறுத்தினார்.

முடிவில் வந்த 1859-ஆம் ஆண்டு ஆணை மூன்று வழிகளைத் திறந்தது. நாடார் மகளிர் கிறித்தவ நாடார் மகளிரைப் போலச் சட்டை அணியலாம். எச்சமயத்தாராயினும் முக்குவ மகளிரைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம். வேறு எவ்வாறேனும் மார்பை மறைக்கலாம். ஆனால் உயர்சாதி மகளிரைப் போல அணிதல் மட்டும் கூடாது.

இவ்விறுதி விலக்கே எம் ஆராய்ச்சிக்குத் திறவுகோல். நாற்பத்தைந்து ஆண்டுகளாக அரசு அஞ்சியது உடல் மறைதலையன்று. ஒருவர் மற்றொருவரை ஒத்துத் தோன்றுதலையே. இனயம் போன்ற கடற்கரை ஊர்களின் கட்டுமுறை ஆணையில் ஏற்கப்பெற்றது, அது மறைத்தும் மேலோரை ஒவ்வாதிருந்தமையால். அம்மகளிரின் பழக்கத்தைத் தாழ்வின் அளவுகோலாக ஆணை கொண்டது. அடுத்த சாதியாருக்குக் கிடைத்த உரிமை, கடலோரப் பெண்டிருக்கு இழிவின் முத்திரையாயிற்று. குப்பாயத்தின் மேல் சீலையை இட்ட மகளிர் மறுத்தது இவ்வளவுகோலைத்தான் என்பது எம் துணிபு.