நாய்க்கும் பெயர் சொல்லும் நடுகல்

திருவண்ணாமலை என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அண்ணாமலையார் கோயிலும் கிரிவலமும்தான். இந்த மாவட்டத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அதுதான் நடுகல்!

போரிலோ, மாடு மீட்கும் சண்டையிலோ இறந்த வீரனின் நினைவாக நடப்படும் கல்லே நடுகல். கல்லைத் தேர்ந்தெடுப்பது தொடங்கி வாழ்த்துவது வரை அதற்கு ஆறு படிகளைச் சொல்கிறது தொல்காப்பியம். செங்கம் பகுதியில் கிடைத்த நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-ல் நூலாகவே வெளியிட்டது.

அவற்றில் எடுத்தனூர் கல் தனிச்சிறப்பு உடையது. காலம் 7-ஆம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆவது ஆட்சியாண்டு. எருமைகளைக் காக்கப் போராடி இறந்தவன் கருந்தேவக்கத்தி. கோவிவன் என்ற அவனுடைய நாய், இரண்டு கள்வர்களைக் கடித்துக் காவல் நின்றதாம். வீரனோடு நாயையும் செதுக்கி, அதன் பெயரையும் வட்டெழுத்தில் பொறித்திருக்கிறார்கள்!

வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்கள் வழி காட்டவும் வேட்டையிடம் குறிக்கவும் கற்களை அடுக்கி வைத்தார்கள். அந்தக் கல் உருவம் 1999-ல் கனடாவின் நுனாவுட் பகுதிக் கொடியில் இடம்பெற்றது. 2010 வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்கின் சின்னமும் அதுவே.

நடுகல் எந்தக் கொடியிலும் ஏறவில்லை. ஆனால் செங்கம், தருமபுரி பக்கத்துக் கிராமங்களில் பல நடுகற்களை மக்கள் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். எழுத்தைப் படிக்க ஆளில்லாமல் வீரனின் பெயர் மறந்தது. கல் சாமியானது. சாமியானதால்தான் பிழைத்தது.

கல்லைக் காப்பாற்றியது பக்தி. பெயரைக் காப்பாற்ற வேண்டியது படித்தவர்கள்தானே?